எனக்குக் கார் ஓட்டத் தெரியாது!

சனிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் புளிக்காய்ச்சல் வாசனை வந்தால், மறுநாள் பந்தயம் என்று அக்கம்பக்கத்தாருக்கே தெரிந்துவிடும். "என்ன, நாளைக்கு ரேஸா?" என்று மாடி வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்பாள். குதிரைப் பந்தயம் இல்லை, சகோதரிகளே! அந்தப் பழக்கமெல்லாம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. இது கார் பந்தயம்.

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, குளித்து, விளக்கேற்றிவிட்டு, புளியோதரையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்புவேன். "நாலு மணிக்கு எழுந்து மார்கழி பஜனைக்குப் போற மருமகளைப் பார்த்திருக்கேன். கார் ரேஸுக்குப் போற மருமகளை நான் ஒருத்திதான் பார்க்கிறேன்" என்பார் என் மாமியார். இருபது வருஷத்துக்கு மேலாக இதே வசனம். நானும் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டிக்கொள்வேன். செருப்பு என்றா சொன்னேன்? பூட்ஸ்! அதற்கு ஒரு தனிக் கதை இருக்கிறது.

உண்மையில் எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஸ்கூட்டி ஓட்டுவேன், அதுவும் அம்பத்தூர் மார்க்கெட்டுக்கும் பிள்ளைகளின் டியூஷனுக்கும்தான். பின்னே பந்தயத்தில் எனக்கென்ன வேலை என்கிறீர்களா? டிராக் ஓரத்தில் கொடி பிடிப்பது. ஆரம்ப காலத்தில் சுற்றுக் கணக்கு எழுதுவது. மார்ஷல் என்று பெயர். பெயர்தான் பெரிது. சம்பளம் கிடையாது. ஒரு தொப்பி, மத்தியானச் சாப்பாடு, சில சமயம் பஸ் செலவு. அவ்வளவுதான்.

அமெரிக்காவில் ஸ்டாக் கார் பந்தயம் என்று ஒன்று உண்டு. கடையில் விற்பனைக்கு நிற்கும் சாதாரணக் காரையே பந்தயத்தில் ஓட்டுவது என்று ஆரம்பித்த விளையாட்டு அது. நம் ஊரில் அதற்குப் பங்காளி முறையாக வேண்டியது சலூன் கார் பந்தயம். ஃபியட், ஹெரால்டு, பிறகு மாருதி 800, எஸ்டீம் என்று நம் தெருவில் ஓடிய அதே கார்கள்தான். உள்ளே இருக்கிற சீட், கம்பளம், பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டுகிறவருக்கு மட்டும் ஒரு சீட்டும், உருண்டாலும் கூரை நசுங்காமல் இருக்க இரும்புக் குழாயில் ஒரு கூண்டும் பற்ற வைத்துவிடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஆபீஸுக்கு ஓட்டிக்கொண்டு போகிற கார், எண் ஒட்டிக்கொண்டு சீறிப் பாய்வதைப் பார்ப்பதில் ஒரு தனி வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது.

எல்லாம் அப்பாவால் வந்தது. அவருக்குப் புதுப்பேட்டையில் சின்னதாக ஒரு ஒர்க் ஷாப். வாரம் ஆறு நாள் கிரீஸ். ஏழாவது நாளும் கிரீஸ்தான், ஆனால் அது ஆசைக்கு. அப்போதெல்லாம் சென்னைக்குப் பந்தயம் என்றால் சோழவரம். செங்குன்றம் தாண்டி, கல்கத்தா போகிற சாலையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது. அவர்கள் அந்த ஓடுதளத்தில்தான் வருஷா வருஷம் பந்தயம் நடத்தினார்கள். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோயம்புத்தூர் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். மகாராஜாக்களும் வருவார்கள், மெக்கானிக்குகளும் வருவார்கள்.

பெரம்பூரிலிருந்து அப்பாவின் லாம்ப்ரெட்டாவில், முன்னால் நின்றுகொண்டு போவேன். எனக்கு ஏழெட்டு வயசு இருக்கும். அப்பா நின்றுபோன காரைத் தள்ளுவார், எண்ணெய் சிந்தினால் மண் போடுவார், கூட்டத்தைக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி நிறுத்துவார். எனக்கு இட்ட வேலை, மோர்ப் பானைக்குக் காவல். வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். நிழலுக்கு ஒரு மரம் தேடினாலும் கிடைக்காது. காரின் சத்தம் முதலில் காதுக்கு வராது, கால் வழியாகத்தான் வரும். அந்த நடுக்கத்தை இப்போது நினைத்தாலும் உள்ளங்கால் கூசுகிறது.

1990-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே கட்டிய தடம் வந்தது. 3.7 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம், பன்னிரண்டு வளைவுகள். இப்போது மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட் என்கிறார்கள். எங்களுக்கு இன்னும் 'கோட்டை'தான். நான் பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்த சமயம், கணக்கு எழுத ஆள் போதவில்லை என்று அப்பா என்னை அழைத்துக்கொண்டு போனார். "பொம்பளைப் பிள்ளையை அங்கெல்லாமா?" என்று அம்மா முணுமுணுத்தாள். "உட்கார்ந்து எழுதுற வேலைதான். வெயில் கூடப் படாது" என்றார் அப்பா. அது அப்பட்டமான பொய். அன்றைக்கு வந்த நிறம் இன்னும் போகவில்லை.

சுற்றுக் கணக்கு என்பது என்ன? பால் கணக்கு எழுதத் தெரிந்த யாரும் எழுதலாம். கட்டம் போட்ட தாள். ஒரு வரி என்றால் ஒரு சுற்று. கார்கள் கோட்டைத் தாண்டும்போது, எந்த வரிசையில் வருகின்றனவோ அந்த வரிசையில் அவற்றின் எண்ணை எழுத வேண்டும். ஒருவர் பார்த்துக் கத்துவார், மற்றவர் எழுதுவார். ஒரு சுற்றுக்குச் சுமார் இரண்டு நிமிஷம் ஆகும். பதினாறு கார், பத்துச் சுற்று என்றால் நூற்று அறுபது எண்கள். இதில் என்ன கஷ்டம் என்கிறீர்களா? கார்கள் வரிசையாக வந்தால் ஒன்றுமில்லை. ஆறு கார் ஒரே கொத்தாக வரும். ஒன்று பழுதாகி நின்று, ஒரு சுற்று பின்தங்கி மறுபடி வரும். முதலில் ஓடுகிறவன் கடைசியில் ஓடுகிறவனையே பிடித்துத் தாண்டுவான். ஒரே ஒரு எண்ணைத் தவறவிட்டால் போதும், அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் கோணல். ஸ்வெட்டர் பின்னும்போது ஒரு கண்ணி நழுவினால் என்ன ஆகும்? அதேதான்.

எனக்கும் ஒரு கண்ணி நழுவியது. 1997-ம் வருஷம், சின்னப் பந்தயம்தான். ஒரு கார் வளைவில் சுழன்று நின்றது. எல்லாரும் "ஐயோ" என்றார்கள், நானும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். ஒரே விநாடி. குனிந்தபோது ஒரு வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. ஆறா, எட்டா? முந்தின சுற்றில் அந்த இடத்தில் ஆறு இருந்தது. அதையே எழுதிவிட்டேன். அவசரத்தில் என் தாளை வைத்தே மூன்றாம் பரிசை அறிவித்தார்கள். ஒரு பையன் கோப்பையை வாங்கிக்கொண்டு, எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடிப்போய் வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தான். அப்புறம் எட்டாம் எண்காரர்கள் புகார் கொடுத்தார்கள். இன்னும் இரண்டு பேர் எழுதிய தாள்களோடு ஒத்துப் பார்த்ததில் என் தாள் மட்டும் தனியாக நின்றது. அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். சண்டை போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பி வரும்போது பூந்தமல்லி வரைக்கும் அப்பா வாயைத் திறக்கவில்லை. டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "தெரியலைன்னா அந்தக் கட்டத்தைக் காலியா விடு பாப்பா. நீயா நிரப்பாதே."

பல வருஷம் கழித்து அமெரிக்கப் பந்தயங்களைப் பற்றி ஒரு புத்தகத்தில் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அங்கேயும் கணக்குப் பிழை உண்டு! நாஸ்கார் என்று அங்கே ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் பெரிய அமைப்பு. 1959 ஜூன் மாதம் அட்லாண்டாவில் லேக்வுட் என்ற தடத்தில் ரிச்சர்ட் பெட்டி என்ற இளைஞர் ஜெயித்ததாகக் கொடி அசைத்துவிட்டார்கள். அவருக்கு முதல் வெற்றி, எப்படி இருந்திருக்கும்! அதற்குள் ஒருவர் வந்து, கணக்கு தப்பு, ஜெயித்தது நான்தான் என்றார். தாள்களைச் சரிபார்த்தால் அவர் சொன்னது சரி. வந்தவர் யார் தெரியுமா? லீ பெட்டி, அந்த இளைஞரைப் பெற்ற அப்பா! மகனாவது, மண்ணாங்கட்டியாவது என்று பரிசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். மகனும் சளைத்தவர் இல்லை. பின்னாளில் இருநூறு பந்தயங்களில் ஜெயித்தார். அதே வருஷம் பிப்ரவரியில் டேட்டோனாவில் நடந்த முதல் 500 மைல் பந்தயத்தில், யார் முதலில் வந்தது என்று போட்டோக்களைப் பார்த்து முடிவு சொல்ல மூன்று நாள் ஆயிற்றாம்.

அந்தப் புத்தகத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய விஷயம் வேறு. அங்கே ரொம்ப காலம், கார்களைச் சீர் பண்ணும் பிட் பகுதிக்குள் பெண்கள் காலெடுத்து வைக்க அனுமதி இல்லை. ஆனால் மேலே உட்கார்ந்து சுற்றுக் கணக்கு எழுதியவர்களில் நிறையப் பேர் ஓட்டுகிறவர்களின் மனைவிமார்களும் அக்கா தங்கைகளும்தான். நாஸ்காரை ஆரம்பித்த பில் ஃபிரான்ஸின் மனைவி ஆன் ஃபிரான்ஸ் காசுக் கணக்கு முழுவதையும் பார்த்துக்கொண்டார். ஓட்டிய பெண்களும் இல்லாமல் இல்லை: 1949 ஜூன் 19-ல் சார்லட் நகரில் நடந்த அவர்களுடைய முதல் ஸ்டாக் கார் பந்தயத்திலேயே 33 கார்களில் ஒன்று சாரா கிறிஸ்டியன் என்ற பெண்மணியுடையது. பதினாலாவதாக வந்தார். உள்ளே வரக்கூடாது, ஆனால் கணக்கை மட்டும் நீ எழுது! இது எனக்கு எங்கேயோ கேட்ட கதையாக இருந்தது. எந்த வீட்டில்தான் இல்லை?

2001-ல் கல்யாணம் ஆயிற்று. பெண் பார்க்க வந்தபோதே அப்பா விஷயத்தைச் சொல்லிவிட்டார். வங்கியில் வேலை பார்க்கும் என் கணவர், "வருஷத்துக்கு நாலைஞ்சு ஞாயிற்றுக்கிழமைதானே?" என்றார். பாவம், கணக்கில் அவர் கெட்டிக்காரர் என்று பேர்! பிள்ளைகள் இருவரும் பிறந்து, சின்னவள் பள்ளிக்கூடம் போகிறவரைக்கும் நான் எங்கும் போகவில்லை. அந்த ஏழெட்டு வருஷத்தில் உலகம் மாறிவிட்டது. ஒவ்வொரு காரிலும் சின்னதாக ஒரு கருவியைப் பொருத்தி, கோட்டைத் தாண்டும்போது தானே கணக்குப் போட்டுக்கொள்ளும்படி செய்துவிட்டார்கள். தாள் இன்னும் இருந்தது, ஆனால் துணைக்குத்தான். "நீங்க கொடி பிடிக்கிறீங்களா அக்கா?" என்று கேட்டார்கள்.

இங்கேதான் பூட்ஸ் கதை வருகிறது. கொடி பிடிக்கிறவர்கள் புடவை கட்ட முடியாது. நைலான், பாலியெஸ்டர் கூடாது. நெருப்புப் பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். (அடுப்படியில் நிற்கும் நமக்கும் இதேதானே?) காட்டன்தான் உடுத்த வேண்டும், தலைமுடியை இழுத்துக் கட்டிவிட வேண்டும், கணுக்காலை மூடிய பூட்ஸ் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மஞ்சளும் சிவப்பும் உடுத்தக்கூடாது. தூரத்திலிருந்து பார்ப்பவன் கொடி என்று நினைத்துவிடுவான். மேலே ஆரஞ்சு நிற அங்கி. அத்தையிடம் இதைச் சொன்னபோது அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "சுமங்கலிக்கு மஞ்சளும் சிவப்பும் ஆகாதுன்னு சொல்ற இடமும் ஒண்ணு உண்டா?"

மஞ்சள் என்றால் அபாயம், மெதுவாகப் போ, யாரையும் முந்தாதே. ஒரு கொடி அசைந்தால் ஓரத்தில் ஏதோ இருக்கிறது. இரண்டு கொடி அசைந்தால் பாதையே அடைபட்டிருக்கிறது, நிற்கவும் தயாராக இரு. பச்சை, ஆபத்து தீர்ந்தது. நீலம், உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான், வழி விடு. மஞ்சளில் சிவப்புக் கோடு, தரை வழுக்கும். சிவப்பு, பந்தயம் நிறுத்தப்பட்டது. இதையெல்லாம் ஒரே நாளில் படித்துவிடலாம். படிக்க முடியாதது ஒன்று: எட்டு மணி நேரம் கார் வரும் திசையைப் பார்த்தபடியே நிற்பது. முதுகைக் காட்டக்கூடாது, போனைத் தொடக்கூடாது.

பெண்களுக்கு மட்டும் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் உண்டு. முதல் வருஷத்தில், அடிக்கடி கழிப்பறைக்குப் போகச் சங்கடப்பட்டு நான் தண்ணீரே குடிக்காமல் நிற்பேன். விளைவு? நீர்க்கடுப்பு, காய்ச்சல், பத்து நாள் மாத்திரை. டாக்டரம்மா நன்றாகத் திட்டினார். அதிலிருந்து உப்புப் போட்ட நீர் மோர், ஒரு மணிக்கு ஒரு தம்ளர். கூச்சப்படாமல் பக்கத்திலிருப்பவரிடம் கொடியைக் கொடுத்துவிட்டுப் போய்வருவேன். கல்யாண வீட்டிலும் ரயிலிலும் நம்மில் எத்தனை பேர் இதே தப்பைச் செய்கிறோம்! காதுக்கும் அடைப்பான் உண்டு. பஞ்சு போதாது.

இனி சொல்லப்போவதை எழுதலாமா, வேண்டாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன்.

2014-ம் வருஷம். ஒரு சலூன் கார் பந்தயம். நான் நின்ற வளைவில் இரண்டு கார்கள் உரசின. ஒன்று மண்ணில் இறங்கி இரண்டு புரள் புரண்டு, கூரை கீழேயாக விழுந்தது. எனக்குப் பின்னால் பதினைந்து அடி தள்ளி. நான் இரண்டு மஞ்சள் கொடியையும் அசைக்க ஆரம்பித்தேன். என்னோடு நின்ற மூன்று பேரும் தீயணைப்பு சிலிண்டரோடு ஓடினார்கள். நான் ஓடக்கூடாது. கொடியில் நிற்பவள் கொடியில்தான் நிற்க வேண்டும். பின்னால் வருகிற பத்துக் கார்களுக்கும் வளைவுக்கு அப்பால் என்ன நடந்தது என்று தெரியாது. நான் கையை நிறுத்தினால், அந்த மூன்று பேர் மேலும் அந்தப் பையன் மேலும் அடுத்த கார் ஏறும்.

பெல்ட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அவன் "அம்மா! அம்மா!" என்று கத்தினான். அடிபட்டவர்கள் எல்லாரும் அப்படித்தான் கத்துவார்கள், தெரியும். ஆனால் என் பெரியவனுக்கு அப்போது பதினோரு வயசு. குரல் உடையாத வயசு. என் வயிற்றுக்குள் ஏதோ திருகியது. திரும்பிப் பார்க்கவில்லை. கொடியை அசைத்துக்கொண்டே இருந்தேன். சிவப்புக் கொடி வந்து கார்களெல்லாம் நின்ற பிறகுதான் திரும்பினேன். மொத்தம் ஒன்றரை நிமிஷம் இருக்குமோ என்னமோ.

அவன் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினான். யாரும் கழற்றவில்லை. டாக்டர் வந்து, கழுத்துக்குப் பட்டை போட்டு, பலகையோடு சேர்த்துத்தான் வெளியே எடுத்தார்கள். இதை நீங்களும் நினைவில் வையுங்கள். சாலையில் யாராவது விழுந்து கிடந்தால், மூச்சு விடுகிறவரை ஹெல்மெட்டைப் பிடுங்காதீர்கள். தூக்கி உட்கார வைக்காதீர்கள். வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள். கழுத்தெலும்பில் அடி இருந்தால், நாம் பாசத்தோடு செய்கிற காரியமே கை காலை முடக்கிவிடும். தலையை ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பேச்சுக் கொடுத்துக்கொண்டு, 108-க்குச் சொல்லுங்கள். உதவி செய்தவர்களைப் போலீஸும் கோர்ட்டும் அலைக்கழிக்கக் கூடாது என்று 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே சேர்த்துவிட்டார்கள், பயப்பட வேண்டாம்.

பையனுக்குக் காறை எலும்பு முறிந்ததோடு போயிற்று. கூண்டும் பெல்ட்டும் காப்பாற்றின. ஆனால் சாயங்காலம் அவனுடைய அம்மா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வேலியோரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். என் வயசுதான் இருக்கும். அழவில்லை. "நீங்களும் பிள்ளை பெத்தவங்கதானே? என் பிள்ளை அம்மா அம்மான்னு கத்தினப்போ நீங்க திரும்பிக்கூடப் பார்க்கலையே" என்றார். நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். பின்னால் வருகிற கார், வளைவு, விதி... எதுவும் வரவில்லை. அவர் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. ரசம் சாதம் கரைத்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். சாப்பிட்ட பிறகு எல்லாம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் ஒரு தரம் தீ மிதி பார்க்கப் போயிருந்தேன். குழி ஓரத்துல ஒருத்தர் நின்னு, தடுமாறி விழுறவங்களைப் பிடிக்கிறதுக்குக் கையை நீட்டிக்கிட்டே இருப்பார். சாமியைக்கூடப் பார்க்க மாட்டார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த வருஷம் முழுவதும் நான் போகவில்லை. அதற்கடுத்த வருஷம் போனேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டதுண்டு. வேறு யாரோ ஒருவர் அந்த இடத்தில் நிற்பார், அவர் திரும்பிப் பார்த்துவிடுவாரோ என்ற பயம்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் என் வீட்டுக்குள்ளேயே ஒன்று முளைத்தது. பையனுக்குப் பதினெட்டு முடிந்ததும் அவன் அப்பா பைக் வாங்கிக் கொடுத்தார். எனக்குச் சம்மதமில்லை, ஆனால் காலேஜ் தூரம். 2022-ல் ஒருநாள் வண்டியைத் துடைக்கும்போது டயரைப் பார்த்தேன். நடுவில் தேய்வதுதானே வழக்கம்? இது ஓரத்தில் தேய்ந்திருந்தது, இரண்டு பக்கமும். மெக்கானிக் பெற்ற பெண்ணிடம் இதை மறைக்க முடியுமா? வண்டியை வேகமாகச் சாய்த்து வளைத்தால்தான் அப்படித் தேயும். ராத்திரி உட்கார வைத்துக் கேட்டேன். சிநேகிதர்களோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடுநிசியில் பந்தயம் விடுகிறார்களாம். "நீ மட்டும் ரேஸுக்குப் போகலாமா?" என்று ஒரு கேள்வி வேறு.

அடிக்கவில்லை, அழவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு கூட்டிக்கொண்டு போய், வளைவில் என் பக்கத்தில் நிறுத்தினேன். ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தைக் காட்டினேன். டாக்டர் இருக்கிற இடம், தீயணைப்பு சிலிண்டர், எதிர்த்திசையில் எதுவும் வராத பாதை, ஓட்டுகிறவர்கள் போட்டிருக்கும் உடுப்பு. "உன் ரோட்டிலே இதெல்லாம் யாருடா வெச்சிருக்காங்க? பால் வண்டிக்காரர் எதிர்ல வருவார், நாய் குறுக்கே ஓடும், கொடி காட்ட ஒரு ஆள் இருக்கானா?" என்றேன். இரண்டு தடவை வந்தான். மூன்றாம் தடவை, "வெயில் தாங்கலைம்மா" என்று தூங்கிவிட்டான். கடற்கரைச் சாலைக்குப் போவதை விட்டுவிட்டேன் என்கிறான். டயர் நடுவில்தான் தேய்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்துக்கொள்கிறேன். ஆனாலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் வண்டிச் சத்தம் கேட்கிறவரை எனக்குத் தூக்கம் கிடையாது.

காவல் எத்தனை இருந்தாலும் எல்லாம் நம் கையில் இல்லை. 2023 சென்னையில் பந்தயக்காரர்களுக்குக் கெட்ட வருஷம். ஜனவரியில் சலூன் கார் ஓட்டிய 59 வயது அனுபவசாலி ஒருவர், ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 13 வயதுச் சிறுவன். இரண்டு உயிர். அந்த நாட்களில் நான் அங்கு இல்லை. பதிமூன்று வயது என்று செய்தியில் கேட்டதும் டி.வி.யை அணைத்துவிட்டேன். பதிமூன்று வயதில் வேண்டுமா என்று இன்றும் எனக்குள் விவாதம் நடக்கிறது. சின்ன வயசில் ஆரம்பித்தால்தான் உலக அளவுக்குப் போக முடியும் என்கிறார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் வரைக்கும் போனார், நம் நாட்டிலிருந்து முதல் ஆள், வாஸ்தவம்தான். இருந்தாலும் பெற்ற வயிறு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

2024-ல் பந்தயம் எங்கள் ஊர் நடுவுக்கே வந்துவிட்டது! தீவுத்திடலைச் சுற்றி, நாம் பஸ்ஸில் போகிற அதே சாலைகளில், ராத்திரி விளக்கு வெளிச்சத்தில். முந்தைய வருஷம் டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடத்தினார்கள். என் பெண்ணுக்கு அப்போது பதினெட்டு வயசு. அவளுக்குக் கொடி பிடிக்கவில்லை, கணக்குத்தான் பிடிக்கும். கோட்டையில் நடக்கும் சின்னப் பந்தயங்களில் கம்ப்யூட்டருக்குத் துணையாகத் தாளில் சுற்றுக் கணக்கு எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த ராத்திரியும், பாட்டியோடு உட்கார்ந்து, மடியில் கட்டம் போட்ட நோட்டை வைத்துக்கொண்டு டி.வி. பார்த்திருக்கிறாள்.

விடியற்காலையில் நான் வீடு வந்து சேர்ந்தபோது அத்தை விழித்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் ஒரே ஆரஞ்சு கலரு. உன்னைத் தேடித் தேடிக் கண்ணு பூத்துப்போச்சு. ஒருத்தி கொடியை வெச்சுக்கிட்டுத் திரும்பாம நின்னா. அதுதான் நீன்னு நினைச்சுக்கிட்டோம்" என்றார்.

நான் அன்று டி.வி.யில் வரும் இடத்திலேயே நிற்கவில்லை. சொல்லவில்லை. மேஜை மேல் பெண்ணின் நோட்டு திறந்து கிடந்தது. ஏழாவது சுற்றில், மூன்றாவது கட்டம் காலியாக இருந்தது.